மின்சார லோடரின் எடை

கிணற்றின் மேல் ஏற்றம் பூட்டி நீர் இறைத்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கின்றனர். ஏற்ற மரத்தின் மீது ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் கூனையைப் பிடித்து நீரை வாய்க்காலில் கவிழ்ப்பார். மேலே நடந்தவர் தம் கைகளால் எதையும் தூக்கவில்லை. அவருடைய உடம்பின் எடைதான் நீரைத் தூக்கியது. ஆகவே அந்த வேலைக்கு நோஞ்சான் ஆளை யாரும் ஏற்றுவதில்லை. மரம் தாங்காத அளவு பருத்தவரையும் ஏற்றுவதில்லை. எடை எவ்வளவு என்பதோடு, அது எந்த நேரத்தில் மரத்தின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் நம் முன்னோர் கணக்கிட்டே நடந்தனர்.

மண், மணல், குப்பை, எரு ஆகியவற்றை முன்வாளியால் அள்ளி டிப்பரிலோ டிராக்டர் டிரெயிலரிலோ கொட்டும் லோடர் என்னும் வண்டியிலும் நடப்பது இதுவே. வாளி முன்னே இருக்கிறது. அதற்கு ஈடு செய்யும் எடை பின்னே இருக்கிறது. முன் அச்சு தாங்கு கட்டையாக நிற்கிறது. டீசல் என்ஜினுக்குப் பதிலாக பாட்டரியும் மின் மோட்டாரும் பொருத்திய லோடர்கள் இப்பொழுது விற்பனைக்கு வந்துவிட்டன. புகை இல்லை, இரைச்சல் குறைவு, எரிபொருட் செலவு குறைவு என்று விற்பனையாளர் கூறுவதில் உண்மை உண்டு. ஆனால் பாட்டரி கனமானது. அந்தக் கனம் வண்டியின் வேலைக்கு உதவுமா, அல்லது சேமித்த மின்சாரத்தைத் தானே தின்றுவிடுமா என்னும் கேள்விக்கு விடை தெரியாமல் ஊராட்சியின் பொதுப் பணத்தைச் செலவிடுவது முறையாகாது.

அத்திப்பட்டையும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களையும் அறிந்தவர்களுக்குப் பாரம் என்பது புதிய செய்தி அல்ல. 1994இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய வட சென்னை அனல் மின் நிலையம் இங்குதான் அமைந்தது. ஒடிசாவின் தால்சேர்ச் சுரங்கங்களிலிருந்து பாரதீப் துறைமுகம் வழியாகக் கப்பலில் நிலக்கரி வரும் வகையில் எண்ணூர்த் துறைமுகம் உருவாயிற்று. 2001இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அத்துறைமுகம் 2014 முதல் காமராசர் பெயரைத் தாங்குகிறது. இந்த மாவட்டத்திலேயே, திருவள்ளூருக்கு அருகில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1971இல் மண்வாரும் இயந்திரங்களுக்கென ஒரு தொழிற்சாலையை நிறுவியது. பின்னர் அது காட்டர்பில்லர் நிறுவனத்தின் வசமாயிற்று. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பைக் கையாளும் ஆலைகள் உள்ளன. சாம்பல் லாரியும் கண்டெய்னர் லாரியும் போன சாலை எப்படி இருக்கும் என்பதை நாம் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஆனால் இத்தனை பெரிய இயந்திரங்களுக்கு நடுவே நம் ஊர்களின் நிலம் மட்டும் பழைய நிலமாகவே இருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் கடைமடையும், உப்பங்கழியும், உப்பளங்கள் இருந்த களித்தரையும் அது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஆள் நடந்தாலே கணுக்கால் புதையும் இடங்கள் உண்டு. இந்தத் தரையை மறந்துவிட்டு லோடரின் எடையைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

குப்பைக் கிடங்குக்கும் வண்டல் அள்ளவும் லோடர் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் கூட்டத்தில் இரண்டு கட்சிகள் தோன்றுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். "கனமான வண்டிதான் உழைக்கும், தகர டப்பாவை வாங்கி என்ன செய்வது?" என்பார் ஒரு உறுப்பினர். "கனமான வண்டி தன்னைத் தானே சுமக்கவே கரண்டைச் செலவழித்துவிடும், இலேசானதை வாங்குங்கள்" என்பார் மற்றவர். இருவர் கூற்றிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிகளைச் சேர்த்து வைப்பதே இக்கட்டுரையின் வேலை. நாங்கள் இயந்திரப் பொறியாளர்கள் அல்லோம். பொறியாளர்களிடம் கேட்டும், நாங்களே கணக்குப் போட்டுப் பார்த்தும், ஒருமுறை பட்டும் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறோம்.

எடை ஏன் வேண்டும்?

பாரவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்கள் நன்கு பழக்கமானவை. முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே எழும்பும். லோடரில் நுகமும் இல்லை, மாடும் இல்லை. முன்பாரம் மிகுந்தால் பின்சக்கரங்களே தரையை விட்டு எழும்பும்.

ஒரு சிறிய லோடரைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். அதன் எடை 5 டன். அந்த எடையெல்லாம் ஒரே புள்ளியில் இருப்பதாக வைத்தால் அப்புள்ளி முன் அச்சுக்குப் பின்னால் 1.2 மீட்டரில் இருக்கிறது. வாளியில் உள்ள சுமை முன் அச்சுக்கு முன்னால் 1.8 மீட்டரில் இருக்கிறது. ஐந்தை 1.2ஆல் பெருக்கினால் 6. ஆறை 1.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.3. வாளியில் 3.3 டன் ஏறினால் வண்டி முன்புறம் குப்புறச் சாயத் தொடங்கும் என்பது பொருள். நடுவில் மடங்கித் திரும்பும் வகை வண்டியானால், முழுதும் திரும்பிய நிலையில் இந்த அளவு இன்னும் குறைந்து 2.8 டன் அளவுக்கு வரும். கெட்டியான சமதரையில், திரும்பிய நிலையில், சாயவைக்கும் சுமை எவ்வளவோ அதில் பாதியைத்தான் வாளி லோடரின் அனுமதிச் சுமையாகக் கொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. ஆக நம் 5 டன் வண்டி அள்ளத் தக்கது 1.4 டன்.

இப்பொழுது இதே வண்டியில் 500 கிலோ எடையுள்ள பாட்டரியைச் சேர்ப்போம். பின் அச்சுக்கும் அப்பால், அதாவது முன் அச்சிலிருந்து 2.2 மீட்டரில் அதனை வைத்தால், அனுமதிச் சுமை ஏறத்தாழ 250 கிலோ கூடுகிறது. அதே பாட்டரியை வண்டியின் நடுவில், 1 மீட்டர் தொலைவில் வைத்தால் கூடுவது 120 கிலோ அளவே. எடை ஒன்றுதான்; இடம் மாறியதும் பலன் பாதியாகிவிட்டது. டீசல் லோடர்களில் பின்புறம் கனமான இரும்பு வார்ப்பு ஒன்றை எதிர் எடையாகவே பூட்டுகிறார்கள். அது எந்த வேலையும் செய்யாத இரும்பு. மின்சார லோடரை நல்ல முறையில் வடிவமைப்பவர்கள் அந்த இரும்பில் ஒரு பகுதியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் பாட்டரியை அமர்த்துகிறார்கள். அப்பொழுது பாட்டரியின் கனம் வீண் கனம் ஆவதில்லை. பாட்டரியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று விற்பனையாளரைக் கேட்காமல் வண்டியின் எடையை மட்டும் கேட்பது, ஏற்றத்தில் ஆள் எங்கே நிற்கிறான் என்று பாராமல் அவன் பருமனை மட்டும் கேட்பது போன்றது.

கிடங்குகளில் பெட்டிகளை அடுக்கும் மின்சாரத் தூக்கு வண்டிகளில், அதாவது போர்க்லிப்டுகளில், இந்த வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவற்றில் ஈயத் தகடும் அமிலமும் கொண்ட பழைய வகை பாட்டரியே எதிர் எடையின் ஒரு பகுதி. குறைந்தது இத்தனை கிலோ பாட்டரி இருக்க வேண்டும் என்று வண்டியின் தகட்டிலேயே பொறித்திருப்பார்கள். பழைய பாட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பாட்டரி பொருத்தும்போது எடை வெகுவாகக் குறைகிறது. குறைந்த எடைக்கு ஈடாக இரும்புக் கட்டை வைக்காவிட்டால், நேற்று வரை பத்திரமாகத் தூக்கிய சுமையையே இன்று தூக்கும்போது வண்டி குப்புறச் சாயலாம். இலேசானதெல்லாம் இலாபம் என்று நினைப்பவர்கள் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

எடைக்கு இன்னொரு பணியும் உண்டு. குவியலுக்குள் வாளியைச் செலுத்தும்போது தள்ளுகிற பலம் மோட்டாரிலிருந்து புறப்பட்டாலும், அதனைத் தரைக்குச் சேர்ப்பது டயரின் பிடிப்பே. பிடிப்பு எடையைப் பொறுத்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் 5 டன் வண்டி கெட்டி மண்ணில் ஏறத்தாழ இரண்டே முக்கால் டன் பலத்துடன் தள்ள முடியும். உலர்ந்த பொலபொலப்பான மணலில் அது ஒன்றரை டன்னுக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் மோட்டாருக்கு எத்தனை வலிமை இருந்தாலும் சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்கு விசையையும் கொடுக்கக்கூடியது. ஆகவே எடை போதாத மின்சார லோடர் டீசல் வண்டியைவிட எளிதில் சக்கரத்தைச் சுழலவிட்டு டயரைத் தேய்த்துவிடும். டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு இது விளங்கும். புழுதி உழவுக்குப் பின்டயரில் தண்ணீர் நிரப்புகிறோம். சேற்றுழவு என்றால் கனத்தைக் குறைத்து இரும்புச் சக்கரம் பூட்டுகிறோம். ஒரே டிராக்டருக்கு வேலையைப் பார்த்து எடையை மாற்றும் அறிவு நம்மிடம் முன்பே இருக்கிறது.

எடைக்கு நாம் கொடுக்கும் விலை

ஒரு லிட்டர் டீசலை எரித்தால் என்ஜினின் அச்சில் கிடைக்கும் உழைப்பு மூன்று முதல் மூன்றரை யூனிட் மின்சாரத்துக்கு ஈடாகும். அதன்படி 12 லிட்டர் டீசல் செய்யும் வேலையை ஏறத்தாழ 40 யூனிட் கொள்ளும் பாட்டரி செய்யும். 12 லிட்டர் டீசலின் எடை 10 கிலோ. 40 யூனிட் லித்தியம் பாட்டரியின் எடை 300 கிலோ அளவில் இருக்கும். என்ஜின், ரேடியேட்டர், எரிபொருள் தொட்டி ஆகியவை நீங்குவதால் இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி ஈடாகிவிடுகிறது. சிறிய வண்டிகளில் ஏறத்தாழ முழுதும் ஈடாகிவிடுகிறது என்றே சொல்லலாம். 2019இல் வால்வோ நிறுவனம் அறிமுகப்படுத்திய எல்25 என்னும் சிறிய மின்சார லோடர் 40 யூனிட் பாட்டரியுடன் 5 டன் அளவிலேயே நிற்கிறது. பெரிய வண்டிகளில் நிலைமை வேறு. வாளியில் 5 டன் அள்ளும் டீசல் லோடர் சுமார் 17 டன் இருந்தால், சீனத்தில் பெருவாரியாகச் செய்யப்படும் அதே தரத்து மின்சார லோடர் 19, 20 டன் அளவுக்குப் போகிறது. நாள் முழுவதும் ஓடப் பெரிய பாட்டரி வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் நாம் எடையையும் சேர்த்தே கேட்கிறோம். டீசல் தொட்டி காலியாகக் காலியாக இலேசாகும். பாட்டரியோ, மின்சாரம் தீர்ந்த பின்னும் அதே கனத்தோடு அமர்ந்திருக்கும்!

அந்தக் கனம் எவ்வளவு மின்சாரத்தைத் தின்னும் என்பது பெரும்பாலும் டயருக்கு அடியில் உள்ள தரையைப் பொறுத்தது. கான்கிரீட் தரையில் உருளும் சக்கரத்துக்குத் தரை கொடுக்கும் எதிர்ப்பு, வண்டி எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. புதையும் ஈர மண்ணில் அது நூற்றுக்குப் பத்து பங்காகவும் அதற்கு மேலும் உயரும். நம் 5 டன் வண்டி ஒரு கிலோமீட்டர் உருளக் கான்கிரீட்டில் மூன்றில் ஒரு யூனிட் போதும். புதைமண்ணில் ஒன்றே முக்கால் யூனிட்டை நெருங்கும்.

இதனை ஒரு நாள் வேலையோடு பொருத்திப் பார்ப்போம். குவியலிலிருந்து டிப்பருக்கு 30 மீட்டர். போய்வர 60 மீட்டர். ஒரு நாளில் 200 நடை என்றால் வண்டி அந்த முற்றத்துக்குள்ளேயே 12 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. வெற்று வண்டியின் எடையைச் சுமக்க மட்டும் கான்கிரீட்டில் 4 யூனிட் ஆகிறது. புதைமண்ணில் 20 யூனிட் ஆகிறது. பாட்டரி 40 யூனிட் என்றால், அதில் ஏறத்தாழ பாதியைச் சேறு குடித்துவிட்டது! ஒரு டன்னை 3 மீட்டர் உயரம் தூக்க வேண்டிய உழைப்பு எவ்வளவு என்று எண்ணுகிறீர்கள்? யூனிட்டில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வாளியும் அதன் கைகளும் கூடவே எழும்ப வேண்டியிருப்பதையும், எண்ணெய்க் குழாய்களில் வீணாவதையும் சேர்த்து மூன்று மடங்காக வைத்தாலும் 200 தடவைக்கு 5 யூனிட்தான். வாளியைக் குவியலில் செலுத்தும் உழைப்பு இதற்குமேல் வேறு உண்டு. அது பொருளுக்குப் பொருள் மாறும். தூக்குவதுதான் லோடரின் பெரிய செலவு என்று நாங்களும் நெடுநாள் நினைத்திருந்தோம். காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகே, மெத்தென்ற தரையில் நடப்பதுதான் பெரிய செலவு என்று புரிந்தது.

வண்டியின் எடை அரை டன் கூடினால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கில் பார்த்துவிடலாம். கான்கிரீட்டில் நாளுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு. புதைமண்ணில் 2 யூனிட். அரை டன் எடையைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதாடும் நாம், 16 யூனிட்டை விழுங்கும் தரையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போய்விடுகிறோம். எம் கருத்தைக் கேட்டால், குப்பைக் கிடங்கிலோ எருக் களத்திலோ லோடர் ஓடும் பாதையையும் அது திரும்பும் இடத்தையும் மட்டுமாவது முதலில் கெட்டிப்படுத்திவிட்டு, அதன் பின்னர் லோடருக்கு விலை கேட்பதே முறை என்போம்.

சரிவான இடங்களில் எடை இன்னும் கணக்குக் கேட்கும். பத்தடிக்கு ஓரடி ஏறும் சரிவு, புதைமண்ணில் செல்லும் அதே அளவு எதிர்ப்பைக் கூட்டுகிறது. இங்கே மின்சார வண்டிக்கு ஒரு சலுகை உண்டு. இறங்கும்போதும் வேகத்தைக் குறைக்கும்போதும் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஏறச் செலவிட்டதில் ஒரு பகுதியைப் பாட்டரிக்குத் திருப்பித் தருகிறது. சேற்றில் செலவானது மட்டும் திரும்பாது. இன்னொன்றையும் ஓட்டுநருக்குச் சொல்லி வைக்க வேண்டும். பாட்டரி முழுதும் நிரம்பியிருக்கும் காலை நேரத்தில் திரும்பி வரும் மின்சாரத்தை ஏற்க அதில் இடமிராது. ஆகையால் மோட்டாரின் தடுப்புப் பலம் குறைந்து காணப்படலாம். கனமான வண்டியைக் காலையில் முதன்முதலாகச் சரிவில் இறக்குபவர் கால் பிரேக்கைச் சோதித்துக்கொண்டே இறக்க வேண்டும்.

இலேசான வண்டி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்ற வாதம் பாக்கி இருக்கிறது. 70 டன் வண்டலை ஏற்ற வேண்டும் என்று கொள்வோம். வாளியில் 1 டன் ஏற்றும் 5 டன் வண்டி 70 நடை போகும். தன் எடையாக அது சுமந்தது 350 டன். 700 கிலோ ஏற்றும் மூன்றரை டன் வண்டி 100 நடை போகும். அதுவும் சுமந்தது 350 டன்னே. மின்சாரச் செலவில் வித்தியாசம் இல்லை. ஓட்டுநருக்கும் காத்திருக்கும் டிப்பருக்கும் மட்டும் 30 நடை நேரம் வீண். ஆகவே ஒப்பிட வேண்டியது மொத்த எடையை அன்று. ஒரு டன் சுமைக்கு எத்தனை டன் சொந்த எடை என்பதே ஒப்பிட வேண்டிய கணக்கு. எண்ணிக்கை ஐந்துக்கு மேல் போகும் வண்டியானால், அந்த எடை எதற்காக என்று விளக்கம் கேட்பதில் தவறில்லை.

சாலை விஷயத்தில் மட்டும் இலேசான வண்டிக்காகப் பேசியவர் பக்கமே நாமும் சேர வேண்டியிருக்கிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், இதற்கென்றே போட்ட சாலைகளில் லாரிகளை இடைவிடாமல் ஓட்டி ஒரு பெரும் சோதனை நடத்தினார்கள். அச்சின் மீதுள்ள பாரம் கூடும்போது சாலையின் சேதம் அதே விகிதத்தில் கூடாமல், ஏறத்தாழ அதன் நான்காம் மடங்கில் கூடுகிறது என்று அதிலிருந்து தெரியவந்தது. பாரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் சேதம் இரட்டிப்பாகிறது. லோடர் சுமையுடன் செல்லும்போது பாரத்தின் பெரும்பகுதி முன் அச்சில் இறங்கிவிடும். ஆகவே நிறைந்த வாளியுடன் தெருச் சாலையில் நெடுந்தூரம் ஓட்டுவது கூடாது. லோடர் இடத்தில் நின்று அள்ளட்டும். சாலையில் டிப்பர் ஓடட்டும்.

நாங்கள் பட்ட பாடு

முன்பு நாங்கள் பணியாற்றிய வேறொரு வட்டாரத்தில் நிகழ்ந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். கால்வாய் வண்டலை அள்ள ஒரு லோடரை வாடகைக்கு அமர்த்தினோம். டீசல் வண்டிதான், சாயும் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. ஊர்ச் சாலை மெல்லியது என்பதால் இலேசான வண்டி போதும் என்று முடிவு செய்தோம். வேலை விரைவாக முடிய வேண்டும் என்பதற்காக அதில் ஒரு பெரிய வாளியைப் பூட்டச் சொன்னதும் நாங்களே. குப்பை அள்ளும்போது அந்த வாளியால் தொல்லை இல்லை. முதல் மழை பெய்த மறுநாள் ஈர வண்டலைக் கூம்பாக அள்ளி, மேலே உயர்த்தி, டிப்பர் பக்கம் திரும்பியபோது முன்சக்கரங்களில் ஒன்று கரையில் ஒரு சாண் புதைந்தது, பின்சக்கரங்கள் எழும்பின. வண்டியின் அருகில் மண்வெட்டியுடன் ஒரு தூய்மைப் பணியாளர் நின்றிருந்தார். ஓட்டுநர் இளைஞர். வெளியே குதிக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே வாளியை நேராகக் கீழே இறக்கினார். வாளி தரையைத் தொட்டதும் பின்சக்கரங்கள் மீண்டும் மண்ணில் விழுந்தன. அந்த அம்மையார் விலகிவிட்டார். ஒருவருக்கும் காயமில்லை என்று அறிக்கை எழுதினோம். அது உண்மைதான்; ஆனால் அந்த அறிக்கையில் வாளியைப் பெரிதாக்கச் சொன்னது யார் என்ற வரி இல்லை.

வாளியின் கொள்ளளவு கன மீட்டரில் சொல்லப்படும். சாய்வதோ கிலோவின் கணக்கில். இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பது நாம் அள்ளும் பொருள். ஒரு கன மீட்டர் நெல் 600 கிலோவுக்கு உட்பட்டது. நிலக்கரி 800, 900 கிலோ. உலர்ந்த சாம்பல் அதனினும் இலேசு. நனைந்த சாம்பல் அதனினும் கனம். மக்கிய எரு 500 முதல் 800 கிலோ. உலர்ந்த மணல் 1,600. ஈர மணல் 1,900க்கும் மேல். குப்பைக்கென்று வாங்கிய வாளியால் ஈர மணலை அள்ளினால் சுமை நான்கு மடங்கு ஆகிவிடக்கூடும். நம்மூரில் ஒரே வண்டியைக் காலையில் குப்பைக்கும் மாலையில் மண்ணுக்கும் அனுப்புவது வழக்கமாக இருப்பதால் இதனை வற்புறுத்திச் சொல்கிறோம்.

இத்தகைய சமயங்களில் பட்டறையில் கொடுத்துப் பின்புறம் பழைய இரும்பை வைத்துப் பற்றவைத்துக்கொள்வதும் சில இடங்களில் நடக்கிறது. அது வேண்டாம். சாய்வது குறைந்தாற்போலத் தோன்றும். ஆனால் பின் அச்சும், பிரேக்கும், டயரும் அந்த எடைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மின்சார லோடரில் பின்புறம் பாட்டரியும் உயர் அழுத்த மின்வடங்களும் இருக்குமாதலால் அங்கே பற்றவைப்பது நெருப்போடு விளையாடுவதாகும்.

வேலை முழுவதும் ஒரே கூரைக்குள் அல்லது ஒரே முற்றத்துக்குள் நடக்குமானால் பாட்டரியே வேண்டுமா என்றும் யோசிக்கலாம். இந்திய நிலக்கரிச் சுரங்கங்களின் உள்ளே மின்சார லோடர்கள் பல ஆண்டுகளாக வேலை செய்கின்றன. அவை சங்கிலிப் பட்டையில் நகர்ந்து, நீண்ட மின்வடத்தின் மூலம் மின்சாரம் பெறுபவை. பாட்டரியைச் சுமப்பதில்லை, மின்னேற்றக் காத்திருப்பதும் இல்லை. வடம் எட்டும் தூரம் வரைதான் போக முடியும் என்பதும், வடத்தின் மீது ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதன் குறைகள். தெருத்தெருவாகப் போக வேண்டிய ஊராட்சி வண்டிக்கு அது பொருந்தாது.

வாங்குவதற்கு முன்

விளம்பரத் தாளில் அச்சிட்ட எடையோடு நில்லாமல், வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். சாம்பலும் சரக்கும் போகும் நம் பகுதியில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. முதலில் முழு வண்டியை நிறுங்கள். பிறகு முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுங்கள். முன்பாரம் எவ்வளவு, பின்பாரம் எவ்வளவு என்பது பத்து நிமிடத்தில் கையில் கிடைக்கும். அதன்பின் உங்கள் ஊரில் உண்மையில் அள்ளப் போகும் பொருளை, ஈரமான நிலையில், வாளி நிறைய அள்ளி மீண்டும் நிறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் சுமை. அது வண்டியின் தகட்டில் பொறித்துள்ள அனுமதிச் சுமைக்கு உட்பட்டதா என்று பாருங்கள். உட்படாவிட்டால் சிறிய வாளி கேளுங்கள். பெரிய வண்டி கேட்பது அதற்குப் பிறகு.

மின்னேற்றும் இடத்தில் மீட்டர் ஒன்று தனியாக இருக்கட்டும். சோதனை ஓட்டத்தின்போது கெட்டித் தரையில் ஒரு மணி நேரமும், கிடங்கின் ஈரத் தரையில் ஒரு மணி நேரமும் ஒரே ஓட்டுநர் ஒரே பொருளை அள்ளட்டும். இரண்டுக்கும் ஆன யூனிட்டையும் ஏற்றிய நடைகளையும் ஊராட்சிச் செயலர் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். மின்சார வண்டி அரவமின்றி நகரும். 5 டன் கனம் பின்னால் வருவது காதில் விழாது. ஆகவே சோதனை நடக்கும் இடத்தில் சிறுவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தி வையுங்கள்.

சோதனையை மழை பெய்த மறுநாள் வைத்துக்கொள்வது நல்லது. உலர்ந்த நாளாகப் பார்த்து வைக்கலாமே என்று விற்பனையாளர் கேட்டால், அவர் சொல்லும் காரணத்தைக் கேட்டு, அதனையும் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியாக எழுதி வையுங்கள்.